வீராங்கனையின் உடல்நலம்

முன்னுரை

நாட்டைக் காக்கும் வீரர் என்றதும் முறுக்கிய மீசையும் துப்பாக்கியுமாக ஓர் ஆண்மகனே நம் கண்முன் தோன்றுகிறார். ஆனால் அதே சீருடையில் இன்று பெண்களும் நிற்கிறார்கள். பெரம்பலூரை அடுத்த சிற்றூரில் பிறந்த என் பெரியம்மா மகள் இராணுவச் செவிலியராக இருக்கிறார். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அவர் சொன்னார்: "எங்களிடம் வருகிற பெண்கள் காய்ச்சல் என்றால் சொல்லிவிடுவார்கள். மாதவிடாய் வலியை மட்டும் மறைப்பார்கள்."

"ஏன் அக்கா?" என்று கேட்டேன்.

"பெண்களுக்கு இந்த வேலை எதற்கு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயந்தான், பாப்பா."

அந்தப் பதிலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வரலாறு

1888-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து பத்துச் செவிலியர் பம்பாயில் வந்திறங்கினர். நம் நாட்டின் இராணுவச் செவிலியர் பணி அன்று தொடங்கியது. 1943-இல் நேதாஜி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். அதன் தலைவி கேப்டன் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர். மலேயா ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்தனர். 1992 முதல் மருத்துவம் அல்லாத பிற பிரிவுகளிலும் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்க்கப்பட்டனர். அவர்கள் சென்னைப் பரங்கிமலையில் பயிற்சி பெற்றனர். 2021 மே மாதம் இராணுவக் காவல் பிரிவில் 83 பெண்கள் முதன்முதலாகச் சிப்பாய்களாகப் பயிற்சி முடித்தனர்.

உடலும் பயிற்சியும்

சுமையுடன் நெடுந்தூரம் ஓடும்போது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதுண்டு. இது ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. பல நாடுகளில் பூட்ஸும் குண்டு துளைக்காத சட்டையும் நெடுங்காலம் ஆண்களின் அளவுக்கே செய்யப்பட்டன. ஒதுங்க இடமில்லாத முகாமில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் ஓடும் வலிமையும் குறைகிறது. இவை எல்லாம் தடுக்கக்கூடியவையே. ஆனால் வலியை மறைப்பவருக்கு எந்த மருத்துவரும் உதவ முடியாது.

நீதியின் குரல்

மறைக்கக் காரணமும் இருந்தது. திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988-இல் ஓர் இராணுவச் செவிலியர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவ்விதி 1995-இல் நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அவருக்கு 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

நிரந்தரப் பணி கோரிய பெண் அதிகாரிகளின் வழக்கும் அறியத்தக்கது. ஆண்களின் உடல்தகுதி ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டுப் பணியில் பார்க்கப்பட்டது. பெண்களுக்கோ வாய்ப்பே தாமதமாகக் கிடைத்தது. ஆகவே பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பிறகு, இளமைக்குரிய தகுதி அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. இது நியாயமன்று என்று 2021 மார்ச் 25-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுடைய தகுதியையும் ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டு நிலையைக் கொண்டே கணிக்கச் சொன்னது.

அதிகாரிகளுக்கு இருந்த 180 நாள் மகப்பேறு விடுப்பும், 360 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பும் பெண் சிப்பாய்களுக்கும் உண்டு என 2023 நவம்பரில் முடிவாயிற்று. 2024 அக்டோபரில் முப்படைகளின் மருத்துவப் பணிக்கும் தலைவராக ஆர்த்தி சரின் பொறுப்பேற்றார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

நம் கடமை

தோழியரே! வலியை மறைக்கும் பழக்கம் முகாமில் தொடங்குவதில்லை. நம் வீட்டிலேயே தொடங்குகிறது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டவும் போகும் நம் தாய்மார்கள், இடுப்புவலியை யாரிடம் சொல்கிறார்கள்? 2019-21 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறிகிறோமே, இது சரியா? முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, நெல்லிக்காய் எல்லாம் நம் ஊரில் கிடைப்பவைதாமே? சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் நினைவில் வைப்போம்.

முடிவுரை

எல்லையில் நிற்கும் பெண் நம்மைக் காக்கிறாள். அவள் உடல்நலம் சலுகையன்று, அவளுக்குரிய உரிமை. நாளை நம்மில் ஒருத்தி அச்சீருடையை அணியலாம். வலிக்கிறது என்று தயங்காமல் சொல்லும் துணிவை அவள் இன்றே இங்கே கற்றுக்கொள்ளட்டும்.