நஞ்சுண்டோரின் உயிர்நிலையை எண்ணால் அறிதல்

1958ஆம் ஆண்டில் கேரளத்தில் கோதுமை மாவினால் செய்த உணவை உண்டவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கப்பலில் உடன் ஏற்றப்பட்டு வந்த பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து அம்மாவிற் கலந்திருந்ததே காரணம். 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்துக்கு இத்துயரமே வித்தாயிற்று. பாரத்தியானுடன் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளுள் சிலவற்றைக் கேரள அரசு 2011இல் தடை செய்தது. ஆயினும் குயினால்பாஸ் போன்ற வேறு சில, பாலக்காட்டு வயல்களிலும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலும் இன்றும் கையாளப்படுகின்றன. ஆகவே, இந்நஞ்சுக்கு ஆளானவர் பிழைப்பாரா என்று கணிக்கும் முறையைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நன்று.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு செல்லும் அசெட்டைல்கோலின் என்னும் பொருளை, வேலை முடிந்தவுடன் ஒரு நொதி சிதைத்துவிடுகிறது. நஞ்சு அந்நொதியை முடக்குகிறது. செய்தி ஓயாமல் பாய்வதால் வாயில் நீர் ஊறுகிறது, மார்பிற் சளி பெருகுகிறது, தசைகள் துடிக்கின்றன. இறுதியில் மூச்சு நிற்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளியின் நிலையை எண்ணால் அளக்கும் முறைகள் பல உள. 1985இல் அமெரிக்காவில் வெளியான ‘அபாச்சி 2’ என்பது பன்னிரண்டு உடலியல் அளவுகளுடன் வயதையும் பழைய நோய்களையும் சேர்த்துக் கணக்கிடுவது. அதற்கு இரத்தப் பரிசோதனைச் சாலை வேண்டும். கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப்பில் வரும் நோயாளிக்கு அது எங்கே கிட்டும்?

இக்குறையை நீக்கியது இலங்கையின் பேராதனை. அங்கே சேனநாயக்க முதலிய வைத்தியர்கள் 1993இல் வெளியிட்ட அளவுகோலுக்குக் கண்ணும் கடிகாரமுமே போதும். கண்பாவை ஊசிமுனைபோற் சுருங்கியிருத்தல், மூச்சு நிமிஷத்துக்கு 20க்கு மேற்படுதலும் உடல் நீலம் பாய்தலும், நாடி 60க்குக் கீழிறங்குதல், தசைத்துடிப்பு, அழைத்தாற் பதில் கூறாமை ஆகிய ஐந்துக்கும் கடுமைக்கேற்பச் சுழியிலிருந்து இரண்டு வரை மதிப்பெண். வலிப்பு இருந்தால் மேலும் ஒன்று. மொத்தம் 11. மூன்று வரை இலேசு, நான்கு முதல் ஏழு வரை நடுத்தரம், எட்டும் அதற்கு மேலும் கடுமை. ஆசிரியர்கள் கவனிக்க: இத்தேர்வில் மிகுதியாக மதிப்பெண் பெறுபவரே தேறாமற் போகக்கூடியவர்!

அட்ரோபின் செலுத்தியபின் நாடியும் கண்பாவையும் மாறிவிடுமாதலால், அதற்கு முன் கண்ட நிலையே இக்கணக்குக்கு உரியது. நோயாளியை முதலிற் காணும் ஊழியர் மூச்சையும் நாடியையும் எண்ணி, மணியைக் குறித்து, மருந்துப் புட்டியின் சீட்டுடன் அனுப்பினால் மருத்துவமனைக்குப் பேருதவியாகும். ஆனால் எண்ணுவதற்கென்று பயணத்தை ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. நஞ்சு தோய்ந்த உடையைக் களைந்து மேனியைக் கழுவுதலும், ஒருக்களித்துக் கிடத்துதலும் எண்ணுதற்கு முற்பட்டவை.

இனி, இவ்வெண் எதைச் சொல்லாது என்பதையும் அறிய வேண்டும். ஒரே மதிப்பெண் பெற்ற நூறு பேரில் ஏறக்குறைய எத்தனை பேர் பிழைப்பர் என்று அது கூறும். கட்டிலிற் கிடக்கும் இந்த ஒருவர் அந்நூற்றில் எப்பக்கத்தவர் என்று கூறாது. ஆதலின், பத்து மதிப்பெண் பெற்றவரைக் கைவிடுவதற்கு அது சான்றாகாது. செயற்கைச் சுவாசத்தால் அத்தகையோரும் பிழைத்து வீடு திரும்புகின்றனர்.

குறைந்த மதிப்பெண்ணை நம்புவதோ இன்னும் ஆபத்தானது. பெந்தியான் போன்ற கொழுப்பிற் கரையும் மருந்துகளில் முதல் நாள் இலேசாகத் தோன்றும் நோய் பின்னர் முற்றும். மேலும், சேனநாயக்கவும் கரல்லியத்தவும் 1987இலேயே ஒரு நிலையை விவரித்திருந்தனர். முதற்குறிகள் தணிந்து, உற்றார் நிம்மதியுற்ற வேளையில், நஞ்சுண்ட 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் தளர்ந்துவிடுகின்றன. முதல் நாள் எழுதிய எண்ணில் இதற்கு இடமே இல்லை.

“தெளிந்துவிட்டார், வீட்டுக்கு அழைத்துப் போகிறோம்” என்று உறவினர் கூறுவது பெரும்பாலும் இந்நாட்களில்தான். அப்போது ஊழியர் நோயாளியைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கட்டும். தூக்க இயலவில்லையெனில் உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். தூக்கினாலும், நான்கு நாட்கள் முடியுமுன் வைத்தியரின் அனுமதியின்றி மலையேற விடலாகாது.