ஒரே கொட்டகை, இரண்டு தோல்

கேள்வி: எங்களிடம் ஒரு நாட்டு மாடும் ஒரு ஜெர்சி கிராஸும் இருக்கின்றன. ஒரே கொட்டகை, ஒரே தீவனம், பகலில் மலையோர மேய்ச்சல். கிராஸ் மாட்டின் காதுக்குள்ளும் மடி இடுக்கிலும் உண்ணி ஆமணக்கு முத்து மாதிரித் தொங்குகிறது. நாட்டு மாட்டில் தேடினால்தான் நாலைந்து தென்படும். இது ரத்தத்திலேயே வருவதா? கிராஸ் மாட்டை இந்த முறை நாட்டுக் காளைக்குச் சேர்த்தால் கன்றுக்கு உண்ணி குறையுமா?
- ஒரு வாசகி, செஞ்சி வட்டம்

பதில்: குறையும். எவ்வளவு குறையும், அதற்கு நீங்கள் என்ன விலை கொடுப்பீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆமணக்கு முத்து என்று சரியாகச் சொன்னீர்கள். லத்தீனில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ஒரே பெயர், ரிசினஸ். உங்கள் கண்ணுக்குப் பட்டது ரோமானியர் கண்ணுக்கும் பட்டிருக்கிறது.

திமில் உள்ள நம் இன மாடுகளுக்கு உண்ணியைத் தாங்கும் குணம் பரம்பரையாக வருவது உண்மை. இதை மும்முரமாக அளந்து பார்த்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். ஓங்கோல், கிர் போன்ற நம் மாடுகளின் வழி வந்த பிராமன் இனத்தில், 100 பெண் உண்ணிக் குஞ்சுகள் ஏறினால் ரத்தம் குடித்துப் பருத்து விழுவது ஒன்றோ இரண்டோதான். ஐரோப்பிய மாடுகளில் அது 10, 15 என்று போகும், சிலவற்றில் இன்னும் கூடுதல். ஒரு பெண் உண்ணி 2,000 முதல் 3,000 முட்டைகள் வரை இடும். அதனால் இந்த வித்தியாசம் அடுத்த தலைமுறையில் கொட்டகையையே நிறைத்துவிடும்.

பரம்பரையாக வருவது எதிர்க்கும் திறமைதான், கவசம் இல்லை. கன்று பிறந்த அன்றே அது தெரியாது. கடி படப்படத்தான் தோல் விழித்துக்கொள்கிறது. கடித்த இடத்தில் வெள்ளை அணுக்கள் கூடி, அரிப்பு எடுத்து, மாடு அந்த இடத்தை நக்கி உண்ணிக் குஞ்சை வழித்துப் போடுகிறது. நாட்டு மாட்டின் மொழுமொழுவென்ற குட்டை ரோமத்தில் குஞ்சுக்குப் பிடிமானமும் குறைவு.

நாக்கை எளிதாக நினைக்காதீர்கள். மாட்டை நக்க முடியாமல் தடுத்து வைத்துப் பார்த்த ஆய்வுகளில், எதிர்ப்புள்ள மாட்டிலும் உண்ணி பெருகியிருக்கிறது. நம் பக்கம் எத்தனை வீட்டில் மாடு திரும்பக்கூட முடியாதபடி கழுத்துக் கயிற்றைக் குட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்! பெற்றோரிடமிருந்து வந்த குணத்தை முளைக்குச்சியில் முடிந்து போட்ட மாதிரிதான் அது. முதல் வேலையாகக் கயிற்றை இரண்டு முழம் தளர்த்துங்கள்.

இனி உங்கள் கன்று. கிராஸ் மாட்டின் ரத்தத்தில் பாதி ஜெர்சி என்று வைத்துக்கொள்வோம். நாட்டுக் காளைக்குச் சேர்த்தால் கன்றில் கால் பங்குதான் ஜெர்சி இருக்கும். உண்ணி குறையும், பாலும் சேர்ந்து குறையும். பால் வேண்டும் என்றால் திமில் உள்ள கறவை இனமான சாகிவாலின் உறைவிந்து கிடைக்குமா என்று கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆஸ்திரேலியர்கள் 1950களில் சாகிவாலையும் செஞ்சிந்தியையும் ஜெர்சியோடு கலந்து, உண்ணிக்கும் வெயிலுக்கும் தாங்கும் ஒரு கறவை இனத்தை உருவாக்கினார்கள். ஆனால் அந்தக் கலப்பு மாடுகளில் பல, கன்று இல்லாமல் பால் சுரக்க மறுத்து அவர்களைப் படாதபாடு படுத்தின. கன்று முட்டினால்தான் மடி இறங்கும் நாட்டு மாட்டைக் கறந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஜெர்சியே போதும் என்று முடிவு செய்தாலும் பாதகமில்லை. ஐரோப்பிய இனங்களுக்குள் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியனைவிட (எச்.எஃப்.) உண்ணியைக் கொஞ்சம் நன்றாகவே தாங்கும்.

இன்னொன்று, ஒரே இனத்துக்குள்ளும் மாட்டுக்கு மாடு வித்தியாசம் உண்டு. பல ஆய்வுகளில் அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெற்றோர் வழி வருவதாகத் தெரிந்திருக்கிறது. பால் அளவும் ஏறத்தாழ அந்த அளவில்தான் பரம்பரையாக வருகிறது. பாலுக்காகக் காளையைத் தேர்ந்தெடுக்கிற நாம், உண்ணிக்காக ஏன் தேர்ந்தெடுப்பதில்லை? எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். எண்ணுவது சுலபம். மருந்து அடித்துச் சில வாரம் ஆன பிறகு, காலையில், மாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். பாசிப்பயறுக்கும் கறுப்புக் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட அளவுள்ள உண்ணிகளை மட்டும் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அவை அடுத்த ஒரு நாளுக்குள் பருத்து விழப்போகிறவை. எல்லா மாட்டையும் ஒரே நாளில் எண்ண வேண்டும். சினை முற்றிய மாடும், கறவையில் இளைத்த மாடும் கூடுதலாகவே காட்டும், அதற்குச் சலுகை கொடுங்கள். எப்போது எண்ணினாலும் கடைசி வரிசையில் நிற்கிற மாட்டின் கிடேரிக் கன்றை வளர்க்காமல் விற்றுவிடலாம்.

நாட்டு மாட்டுக்கு உண்ணியே வராது என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். தீவனம் இல்லாமல் எலும்பும் தோலுமாக நிற்கும் நாட்டு மாட்டில் உண்ணி மொய்த்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு வருஷமாக மருந்து அடித்தும் உண்ணி சாகவில்லை. போலி மருந்தா?
- அதே வாசகி

பதில்: போலியாகவும் இருக்கலாம். அதைவிட, உண்ணிக்கும் பரம்பரை உண்டு என்பதை நினையுங்கள். பாதி அளவு கலந்து முதுகில் மட்டும் தெளித்தால், தாங்கிப் பிழைத்த உண்ணிதான் அடுத்த தலைமுறைக்குத் தாய். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளுக்கு மசியாத உண்ணிகள் இந்தியாவில் பல இடங்களில் பதிவாகியுள்ளன. கடைக்காரர் வேறு டப்பா கொடுத்தால் மருந்து மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன இரண்டும் ஒரே குடும்பம். டப்பாவில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை மருத்துவரிடம் காட்டி, வேறு குடும்பத்து மருந்தாகக் கேளுங்கள். கலவை அளவையும், அடித்த பின் எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காது, வாலடி, தொடை இடுக்கு நனைய வேண்டும்.

மாட்டோடு கொட்டகையையும் கவனியுங்கள். மாடுகளுக்குத் தைலேரியா காய்ச்சலைப் பரப்பும் உண்ணி சுவர் வெடிப்பில் பதுங்கி இருக்கும், வெடிப்பைப் பூசி மூடுங்கள். பிடுங்கிய உண்ணியைக் கொட்டகையிலேயே வீசாதீர்கள். அது விழுந்த இடத்திலேயே முட்டையிடும். ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போடுங்கள், அல்லது நாலு நாட்டுக்கோழியைக் கொட்டகைக்குள் விடுங்கள்.