நாடு மாறினால் விளக்கும் மாற வேண்டும்

மோட்டார் சைக்கிள் ஒன்றை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டிற்குக் கொண்டு செல்வோர் பல காரியங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. சுங்கவரி, பதிவு எண், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் எளிதில் மறந்துபோகக் கூடிய ஒன்று வண்டியின் முகப்பு விளக்கு. விளக்கு எரிகிறது, பாதை தெரிகிறது, அதில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று நாம் நினைக்கலாம். ஆனால் இங்கிலாந்தில் ஒழுங்காக எரிந்த விளக்கு, கடலைக் கடந்து பிரான்சில் இறங்கியதும், ஒரு திருகும் கழலாமல், கண்ணாடியில் ஒரு கீறலும் விழாமல், பிறருக்கு ஆபத்தான விளக்காகிவிடக் கூடும். இது எப்படி? இதைப் புரிந்துகொள்ள, நாம் வகுப்பில் படித்த ஒளியியலும் வடிவியலும் போதும்.

இடமும் வலமும்

இந்தியா, இலங்கை, இங்கிலாந்து, அயர்லாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா முதலிய பெரும்பாலான நாடுகளில் வலப்புறமாகச் செல்கின்றன. இடப்புறம் செல்லும் நாட்டில், எதிரே வருபவர் நமக்கு வலப்பக்கத்தில் வருகிறார். நமது இடப்பக்கத்தில் இருப்பது சாலையின் ஓரம். நடந்து செல்வோர், சைக்கிளில் செல்வோர், வழிகாட்டிப் பலகை, பள்ளம் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

ஆகவே இரவில் செல்லும் வண்டியின் விளக்கு ஒரே நேரத்தில் இரண்டு கடமைகளைச் செய்ய வேண்டும். ஓரத்தில் நடப்பவரை நமக்குத் தொலைவிலேயே காட்ட வேண்டும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிக ஒளியும் மறுபக்கம் குறைந்த ஒளியும் தேவைப்படுகின்றன. இந்தத் தேவைக்காகவே, நாம் ‘டிம்’ என்று சொல்லும் தாழ்ந்த ஒளி இருபுறமும் ஒரே மாதிரி அமையாமல், ஓரப்பக்கம் சற்று உயர்ந்து செல்லும்படி பல விளக்குகளில் அமைக்கப்பட்டிருக்கிறது.

விளக்கின் உள்ளே

முகப்பு விளக்கின் பின்புறம் இருப்பது பரவளைய வடிவமுள்ள குழிந்த ஆடி. அதன் குவியத்தில் ஓர் ஒளிமூலத்தை வைத்தால், ஆடியில் பட்டுத் திரும்பும் கதிர்கள் இணைகதிர்களாக வெளியேறும் என்பதை நாம் அறிவோம். ‘பிரைட்’ என்னும் உயர்ந்த ஒளி இந்த விதிப்படி கிடைக்கிறது.

தாழ்ந்த ஒளிக்கு என்ன செய்கிறார்கள்? 1971ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் பரவிய ‘எச் 4’ என்னும் ஹாலஜன் பல்பை எடுத்துக்கொள்வோம். இதனுள் இரண்டு இழைகள் இருக்கின்றன. 12 வோல்ட் பல்பில் உயர்ந்த ஒளிக்கு 60 வாட், தாழ்ந்த ஒளிக்கு 55 வாட். தாழ்ந்த ஒளிக்கான இழை குவியத்திற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் சிறு கிண்ணம் போன்ற ஓர் உலோகத் தகடு உண்டு. அந்தத் தகடு கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை மறைத்துவிடுகிறது. எனவே ஆடியின் மேற்பாதியில் மட்டுமே ஒளி படுகிறது. இழை குவியத்திற்கு முன்னால் இருப்பதால், அங்கிருந்து திரும்பும் கதிர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து சாலையில் விழுகின்றன.

இந்த ஒளியை ஒரு சுவரில் விழச் செய்தால், மேலே இருளும் கீழே வெளிச்சமுமாக, நடுவில் ஒரு தெளிவான விளிம்பு தெரியும். அந்த விளிம்பு முழுவதும் நேராக இருப்பதில்லை. கிண்ணத் தகட்டின் ஒரு பக்க ஓரம் 15 பாகை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், ஒளியின் விளிம்பும் ஒரு பக்கம் 15 பாகை மேலேறுகிறது. இடப்புறம் செல்லும் நாட்டு விளக்கில் அது இடப்பக்கம் ஏறும். வலப்புறம் செல்லும் நாட்டு விளக்கில் வலப்பக்கம் ஏறும்.

இப்போது விடை தெளிவாகிறது. இங்கிலாந்தின் விளக்கு இடப்பக்கம் ஒளியை உயர்த்துகிறது. பிரான்சிலோ இடப்பக்கம்தான் எதிரே வண்டி வருகிறது. ஓரத்தில் நடப்பவருக்காக அமைத்த ஒளி, எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. ஓரத்தில் நடப்பவரோ இருளில் நிற்கிறார்.

கண் கூசுவதைச் சிறிய காரியமாக எண்ணிவிடக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. அதை ஓட்டுபவருக்கு மூன்று வினாடி பார்வை மங்கினால், 50 மீட்டர் தூரத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்கு ஒப்பாகும். அந்த 50 மீட்டருக்குள் ஒரு குழந்தை சாலையைக் கடக்கலாம்.

தாளில் ஒரு சோதனை

தோழியரே, ஒரு தாளும் கோணமானியும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து வலப்பக்கம் கிடையாக ஒரு கோடு வரையுங்கள். அதே புள்ளியிலிருந்து இடப்பக்கம், கிடைமட்டத்திற்கு மேல் 15 பாகை உயரும்படி இன்னொரு கோடு வரையுங்கள். இதுவே இடப்புறம் செல்லும் நாட்டு விளக்கு சுவரில் காட்டும் விளிம்பு. இரண்டு கோடுகளுக்கும் இடையே மேற்பக்கம் உள்ள கோணம் 165 பாகை.

இனி அந்தப் புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்தி, தாளைக் கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராக 15 பாகை திருப்புங்கள். இடப்பக்கக் கோடு கிடையாகப் படுக்கும். வலப்பக்கக் கோடு 15 பாகை எழும். கண்ணாடியில் தெரிவது போன்ற எதிர்வடிவம் கிடைத்துவிட்டது! இடப்புற நாட்டின் விளிம்பு வலப்புற நாட்டின் விளிம்பாயிற்று.

இந்த வடிவியல் உண்மையைப் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். சில விளக்குகளில், பல்பை இரண்டு நிலைகளில் அமர்த்தும்படி தாங்கி செய்யப்பட்டிருக்கிறது. பல்பை 15 பாகை திருப்பி அமர்த்தினால் விளக்கு அடுத்த நாட்டிற்குத் தயார். ஆனால் எல்லா விளக்கிலும் இவ்வாறு செய்யலாகாது. அந்த வசதியோடு செய்யப்பட்ட விளக்கில் மட்டுமே செய்யலாம். முன்கண்ணாடியின் வரிகளும் ஒளியைப் பரப்புவதில் பங்கு கொள்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

ஒரு நாடே பக்கம் மாறியபோது

வண்டி நாடு மாறுவது ஒருபுறமிருக்க, நாடே பக்கம் மாறிய வரலாறும் உண்டு. சுவீடன் நாட்டில் முன்பு வண்டிகள் இடப்புறம் சென்றன. எல்லைக்கு அப்பால் நார்வேயிலும் பின்லாந்திலும் வலப்புறம் சென்றன. 1955ஆம் ஆண்டு மக்களிடம் கருத்துக் கேட்டபோது, நூற்றுக்கு 83 பேர் அளவில் மாற்றம் வேண்டாம் என்றே வாக்களித்தனர். எனினும் 1963இல் நாடாளுமன்றம் மாறுவதென்று முடிவு செய்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4 மணி 50 நிமிடத்திற்குச் சாலையிலிருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. மெதுவாக வலப்புறம் மாறி மீண்டும் நின்றன. 5 மணிக்குப் புதிய பக்கத்தில் புறப்பட்டன.

அந்த மாற்றத்தில் முகப்பு விளக்குக்கும் ஓர் இடமிருந்தது. நாட்டிலுள்ள வண்டிகளின் இடப்புற விளக்குகளை வலப்புற விளக்குகளாக மாற்ற வேண்டியிருந்தது. அக்காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் ஒரே அளவுள்ள, விலை குறைந்த வட்ட விளக்குகளே இருந்தன. வண்டிக்கு வண்டி வேறுபடும் விலையுயர்ந்த விளக்குகள் பரவத் தொடங்கியிருந்த நேரம் அது. மேலும் தாமதித்தால் மக்களுக்குச் செலவு பெருகும் என்பதும், மாற்றத்தை விரைந்து செய்ததற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. அடுத்த ஆண்டு, 1968 மே 26இல், ஐஸ்லாந்தும் இவ்வாறே வலப்புறத்திற்கு மாறியது.

விளக்கை அடையாளம் காணுதல்

குடிபெயர்பவர் தம் வண்டியின் விளக்கு எந்த வகை என்பதை முதலில் அறிய வேண்டும். 1958ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் விதிகள் இதற்குத் துணை செய்கின்றன. அந்த விதிகளின்படி ஒப்புதல் பெற்ற விளக்கின் கண்ணாடியில், ஒரு வட்டத்திற்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்சு, 3 என்றால் இத்தாலி, 11 என்றால் இங்கிலாந்து.

அருகில் ஓர் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நின்று விளக்கைப் பார்க்கும் நமக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால், அது இடப்புறம் செல்லும் நாட்டு விளக்கு. இருபுறமும் முனையுள்ள அம்பு இருந்தால், இரண்டு வகை நாட்டிற்கும் மாற்றி அமைக்கலாம். பக்கச் சாய்வுள்ள விளக்கில் அம்பே இல்லையென்றால், அது வலப்புற நாட்டிற்கு உரியது.

மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. பல மோட்டார் சைக்கிள்களில், ஒளியின் விளிம்பு இருபுறமும் ஒரே மட்டமாக உள்ள விளக்கு பொருத்தப்பட்டிருக்கிறது. இது சமச்சீர் விளக்கு எனப்படும். எந்தப் பக்கமும் உயராத ஒளி எந்த நாட்டிலும் எதிரே வருபவரைத் துன்புறுத்தாது. அத்தகைய விளக்கைப் பக்கத்திற்காக மாற்றத் தேவையில்லை.

பக்கம் பொருந்தினாலும் முத்திரை பொருந்தாமல் போவதும் உண்டு. அமெரிக்காவும் ஜெர்மனியும் வலப்புறம் செல்லும் நாடுகளே. ஆனால் அமெரிக்கா தனக்கென வேறு விதிகளை வைத்திருக்கிறது. ஆகவே அங்கிருந்து வரும் வண்டியின் விளக்கில் ‘ஈ’ முத்திரை இருக்கிறதா என்று, பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

மாற்றும் வழிகள்

சில நாட்கள் மட்டும் பயணம் செய்து திரும்புவோர், விளக்கின் முன்கண்ணாடியில் ஒட்டுத்தாள் ஒட்டுகிறார்கள். உயர்ந்து செல்லும் ஒளி வெளிவரும் பகுதியை அது மறைக்கிறது, அல்லது ஒளியைத் திருப்புகிறது. இங்கிலாந்திலிருந்து ஐரோப்பாவிற்குச் செல்வோர் இதை வாங்கி ஒட்டுவது வழக்கம். இதனால் ஒளி சற்றுக் குறையும். ஊர் திரும்பியதும் உரித்துவிட வேண்டும்.

நிலையாகக் குடியேறுவோருக்கு ஒட்டுத்தாள் போதாது. இருநிலைத் தாங்கி இருந்தால் பல்பைத் திருப்பலாம். இல்லையேல் அந்த நாட்டிற்குரிய விளக்கை முழுதாக வாங்கிப் பொருத்த வேண்டும். இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் திருப்புவதற்குப் பல்பே இல்லை. அவற்றில் மாற்றும் அமைப்பு இல்லையெனில் முழு விளக்கையே மாற்ற நேரும். சிலர் விளக்கை வெறுமனே கீழே குனியச் செய்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் எதிரே வருபவர் தப்பலாம். ஆனால் நாம் காணும் தூரம் குறைந்துவிடும். ஓரத்தில் நடப்பவரைக் காணாமல் போவோம்.

சுவரில் சரிபார்த்தல்

விளக்கை மாற்றிய பின் அளந்து பார்க்க வேண்டும். சமதரையில், ஒரு சுவருக்கு 10 மீட்டர் தூரத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். ஏனெனில் அவர் எடையால் பின்புறம் தாழ்ந்து, விளக்கு சற்று மேல்நோக்கும். தரையிலிருந்து விளக்கின் நடுப்பகுதி வரை உள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்தைச் சுவரில் குறிக்க வேண்டும். ஒளி பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்க வேண்டும். அதாவது 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர். ஆகவே விளிம்பின் கிடைப்பகுதி அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே தெரிந்தால் உயரம் சரி. விளிம்பு எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதையும் அப்போதே கண்டுகொள்ளலாம்.

நாம் அறியும் பாடம்

நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் புதிய இருசக்கர வண்டிகளில், இயந்திரம் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானே எரிகிறது. பிறர் நம்மைக் காண வேண்டும் என்பதே இதன் நோக்கம். விளக்கு என்றால் நமக்கு வழி காட்டுவது என்று மட்டுமே நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் கண்ணாடியும் தகடும் சாய்வும், முகமறியாத ஒருவரின் கண்ணை எண்ணியே அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒருவர் எந்தப் பக்கம் வருவார் என்பது நாட்டிற்கு நாடு மாறுகிறது. ஆகவே புதிய நாட்டிற்குச் செல்பவர், அங்குள்ளோர் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று பார்த்துத் தம் விளக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் தந்தையோ அண்ணனோ அக்காவோ வண்டி ஓட்டினால், இன்று மாலையே விளக்கைச் சுவரில் அடித்துப் பார்க்கச் சொல்வோம்.

பயிற்சி வினாக்கள்

1. விளக்கின் முன்னால் நிற்பவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு, இடப்புறம் செல்லும் நாட்டைக் குறிப்பது ஏன்? படம் வரைந்து விளக்குக.

2. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு இரண்டு வினாடி பார்வை மங்கினால், அதற்குள் எத்தனை மீட்டர் கடப்பார்?

3. சுவர் 5 மீட்டர் தூரத்தில் இருந்தால், நூற்றுக்கு ஒன்று சரிவில் ஒளியின் விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும்?