ஏலமலையும் பள்ளித் தொழிற்கல்வியும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று தொடங்குவது தொழிற்கல்வி பற்றிய கட்டுரைகளுக்கு வழக்கமாகிவிட்டது. போடிநாயக்கனூரில் பிறந்தவள் நான். சுரைக்காயை விட்டு ஏலக்காயிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஏட்டில் நானும் சில பக்கங்கள் எழுதியவள் என்பதால், முதலில் அதை ஒப்புக்கொள்வதே முறை.

மேல்நிலை வகுப்பில் நான் எடுத்தது வேளாண்மைத் தொழிற்பிரிவு. செய்முறைக்கென்று பாடவேளைகள் நிறைய உண்டு. பள்ளியின் பின்புறம் நான்கு பாத்தி கீரை போட்டிருந்தோம். அதற்கு அப்பால் செய்முறை என்பது, முந்திய ஆண்டு படித்த அக்கா ஒருவரின் ரிக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதுதான். அப்படித்தான் ஏலக்காய் உலர்த்தும் அறையின் படத்தை வரைந்தேன். ‘வெப்பநிலை 50 டிகிரி’ என்று அழகாகக் குறித்தேன். முழு மதிப்பெண்ணும் பெற்றேன். அத்தகைய அறை ஒன்றை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. போடியில் பிறந்தவள் சொல்லக் கூச வேண்டிய செய்தி இது.

அதே காலத்தில் நான் மலைக்குப் போகாமலும் இல்லை. காலாண்டுத் தேர்வு விடுமுறை வரும்போது காய் எடுப்பு மும்முரமாக இருக்கும். விடியுமுன் ஜீப்பு வந்து நிற்கும். அம்மாவுடன் நானும் ஏறிக்கொள்வேன். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இறங்குவோம். செடியின் தூரில் தரையையொட்டிப் படர்ந்திருக்கும் சரங்களில் விளைந்த காயை மட்டும் எடுத்து, மற்றதை விட்டுவிட வேண்டும். ஏன் விட வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. பக்கத்தில் எடுப்பவர் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கங்காணிக்குக் கணக்கு கிலோவில். நம் கேள்விகளில் அன்று. பள்ளியில் பாடம் இருந்தது, வேலை இல்லை. மலையில் வேலை இருந்தது, பாடம் இல்லை.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. எடுத்த பச்சைக்காயை ஸ்டோருக்குச் சுமந்து போனவர்களில் நானும் ஒருத்தி. காயை உலர்த்தும் கட்டடத்தை மலையில் ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்வார்கள். அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் முதல் நாள் காயை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். “ஐம்பது டிகிரிதானே தாத்தா?” என்றேன், படித்தவள் என்ற தோரணையில். அவர் சிரித்துவிட்டு, “எப்போ ஐம்பது, பாப்பா? போட்ட உடனேயா, விடியக்காலையிலா?” என்று கேட்டார். என் நோட்டில் அதற்கு விடை இல்லை.

அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். செடியிலிருந்து எடுக்கும் காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர்தான். அது 10, 12 விழுக்காட்டுக்கு இறங்கினால்தான் சரக்கு கெடாமல் இருக்கும். ஆகவே 5 கிலோ பச்சைக்காய் சுமார் 1 கிலோ உலர்காயாகச் சுருங்கும். வெப்பத்தை 45 முதல் 55 டிகிரிக்குள் நிறுத்தி, ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் உலர்த்த வேண்டும். தொடக்கத்தில் அறையில் நிறையும் ஈர ஆவியை வெளியே விடாவிட்டால், காய் தன் வேர்வையிலேயே வெந்து நிறம் மங்கும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் தோல் வெடிக்கும். இளங்காய் உலரும்போது சுருங்கிப்போகும். கங்காணி சொல்லாத காரணம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. பிறகு ஒரு கை காயை அள்ளி என் காதருகே குலுக்கினார். கலகலவென்று அரிசி உருளும் ஒலி கேட்டது. “இந்தச் சத்தம் வந்தா இறக்கலாம்” என்றார். ஒரு மணி நேரம்கூட ஆகியிராது. இரண்டாண்டு ரிக்கார்டில் இல்லாத பாடம் அது.

இதைச் செய்யலாம் என்று பெரியோர் நினைக்காமல் இல்லை. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் வழிக் கல்வியை முன்வைத்தார். 1964-66இல் கோத்தாரிக் குழு பள்ளியில் வேலை அனுபவம் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. அந்தக் கல்வியை ஆராய்ந்து அதே ஆண்டில் அறிக்கை தந்த தேசியக் குழுவின் தலைவர் வேலூர்க்காரரான மால்கம் ஆதிசேசையா. செருமனியிலோ தொழில் பயிலும் இளைஞர் வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிற்கூடத்திலும் மற்ற நாள் பள்ளியிலும் இருக்கிறார். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காவல்.

நம்மிடமும் சட்டம் உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 1986இல் திருத்தப்பட்டு, மேல்நிலைத் தொழிற்பிரிவில் தேறியவர்களும் ஓராண்டு பழகுநராகச் சேர வழி திறந்தது. உதவித்தொகை உண்டு, சட்டம் வகுத்த குறைந்த அளவுத் தொகையில் பாதியை மைய அரசு ஏற்கிறது. எங்கள் வகுப்பில் ஒருவருக்காவது இது தெரியுமா என்றால், எனக்கே கல்லூரிக்கு வந்து நூலகத்தில் படித்த பிறகுதான் தெரியும்.

போடி மாணவர் இதற்காக வெளியூர் போகத் தேவையில்லை. மயிலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையம் அதற்கும் மூத்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் புத்தடியிலும் நடக்கிறது. ஊருக்குள் கிடங்குகளில் பெண்கள் சல்லடையில் சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது, 7 முதல் 8 வரை என்று காயைப் பிரிக்கிறார்கள். வெடித்ததையும் சொறி பிடித்ததையும் கையால் பொறுக்குகிறார்கள். ஒரு லிட்டர் படி காய் எத்தனை கிராம் நிற்கிறது என்பதைப் பார்த்தும் விலை ஏறும், இறங்கும். வேளாண்மை மாணவருக்கு நாற்றங்காலும் ஸ்டோரும், கணக்குப் பதிவியல் மாணவருக்குக் கிடங்கின் பேரேடு, இயந்திரவியல் மாணவருக்கு உலர்த்தும் எந்திரம் என்று எல்லாப் பிரிவுக்கும் இடம் இருக்கிறது.

இடையூறுகளையும் மறைக்கலாகாது. பள்ளி தமிழ்நாட்டில், தோட்டம் பெரும்பாலும் கேரளத்தில். ஆனால் சென்னையிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இரு மாநிலங்களுக்கும் பொதுவானது என்பதால் இதை நான் பெரிய தடையாக நினைக்கவில்லை. எனக்குக் கவலை தருவது வேறு. ‘பயிற்சி’ என்ற பெயரில் பிள்ளைகளை மலிவான கூலிகளாக்கிவிட எடுப்புக் காலத்தில் எவருக்கும் ஆசை வரும். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 14 முதல் 18 வயதுள்ளவரை அபாய வேலைகளில் வைப்பதைத் தடுக்கிறது. ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு அடிக்கடி நடக்கும்; அந்தப் பக்கமே மாணவரை விடக்கூடாது. ஆள் திணித்த ஜீப்பில் அனுப்பவும் கூடாது. மாதம் முழுதும் காயே எடுக்க வைத்தால் அது வேலை, கல்வி அன்று. அடுத்த அறைக்குப் போகும் உரிமையும், ‘ஏன்’ என்றால் பதில் சொல்ல ஒரு பெரியவரும், அன்றன்று கண்டதை எழுத ஒரு நோட்டும் இருக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கும் அதற்கென ஊதியம் தர வேண்டும் என்பேன். அடுப்படித் தாத்தாவை எந்தப் பள்ளியும் ஆசிரியராக எண்ணியதில்லை.

சென்ற மாதம் எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பெண், “அக்கா, உங்க ரிக்கார்டு நோட்டைத் தாங்க, பார்த்து எழுதிட்டுத் தர்றேன்” என்று வந்தாள். தரவில்லை. கிடங்கு முதலாளியிடம் அம்மாவைக் கொண்டு பேசி, ஒரு சனிக்கிழமை முற்பகல் அவள் வந்து பார்க்க அனுமதி வாங்கினேன். அடிக்கோலும் கையுமாக வந்தவள், சல்லடைக் கண்கள் ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக்கொண்டாள். பிறகு அம்மா பொறுக்கிப் போட்ட வெடிப்புக் காய்க் குவியலைப் பார்த்து, “இது எதனால வெடிச்சுச்சு, அத்தை?” என்று கேட்டாள். அம்மா பொறுக்குவதை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.