புவியியல் சான்றிதழ்: கட்டணமும் பயனும்

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி., புவியியல்

புவியியல் பட்டப் படிப்பின் இறுதி ஆண்டுக்கு வரும் மாணவர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு வினா வந்து நிற்கிறது. 'பட்டம் மட்டும் போதுமா? ஜி.ஐ.எஸ். சான்றிதழ் ஒன்றும் வாங்க வேண்டாமா?' என்பதே அது. கடன் வாங்கியேனும் சேர்ந்துவிட வேண்டும் என்பார் சிலர். வீண் செலவு என்பார் வேறு சிலர். எங்கள் வகுப்பில் இவ்விரு சாராரும் கணக்குப் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படிப்பு யாது?

ஜி.ஐ.எஸ். என்பது புவியியல் தகவல் அமைப்பு. ஓரிடத்தின் சாலை, நீர்நிலை, மண்வகை, மக்கள்தொகை முதலியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகக் கணிப்பொறியில் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆராயும் முறை இது. 1960களில் கனடா நாட்டின் நிலவளக் கணக்கெடுப்புக்காக ராஜர் டாம்லின்சன் இதனை உருவாக்கினார். இன்று குடிநீர்க் குழாய், மின்கம்பி, வனம், வெள்ளத் தடுப்பு எனப் பல துறைகளில் இது பயன்படுகிறது. இந்திய அரசு 2021 பிப்ரவரியில் நிலப்படத் தரவுகள் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2022இல் தேசியப் புவிசார் கொள்கையை வெளியிட்டது. ஆகவே துறைக்கு எதிர்காலம் உண்டு. அதில் சான்றிதழுக்கு உள்ள பங்கு எவ்வளவு என்பதே நாம் காண வேண்டியது.

செலவுக் கணக்கு

செலவு என்றதும் கட்டணத்தை மட்டுமே நினைக்கிறோம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, சென்னையில் ஆறு மாதப் பயிற்சிக்குக் கட்டணம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகையும் உணவும் மாதம் 7,000 வீதம் 42,000 ரூபாய். பட்டம் பெற்றவுடன் மாதம் 10,000 ரூபாய் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் ஊதியம் 60,000 ரூபாய், அதுவும் இழப்பே. மொத்தம் 1,26,000 ரூபாய். இதில் கட்டணம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

இனி வரவைப் பார்ப்போம். சான்றிதழால் மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், போட்ட பணம் திரும்ப 42 மாதங்கள், அதாவது மூன்றரை ஆண்டுகள் ஆகும். கூடுதல் ஊதியம் ஏதும் கிடைக்காவிடில் பணம் திரும்பவே திரும்பாது. வட்டிக்கு வாங்கிய பணமானால் சுமை இன்னும் பெரிது.

பயன் எங்கே உண்டு, எங்கே இல்லை?

அரசுப் பணியை நாடுவோர் இதை நன்கு கவனிக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக, முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். நில அளவர் பணிக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தின் நில அளவர் பிரிவு போன்ற தகுதிகளையே கேட்கிறார்கள். இவ்விடங்களில் ஜி.ஐ.எஸ். சான்றிதழ் அவற்றுக்கு ஈடாகாது.

தனியார் நிறுவனங்களில் சான்றிதழ் நேர்முகத் தேர்வு வரை அழைத்துச் செல்லக்கூடும். அதற்கப்பால் வேலை தெரிய வேண்டும். ஒரு சான்று கூறுகிறேன். யு.டி.எம். என்னும் நிலப்பட முறை உலகை ஆறு ஆறு பாகைகளாக 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு தமிழ்நாட்டின் ஊடே செல்வதால், கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்திலும் மதுரை 44ஆம் மண்டலத்திலும் அமைகின்றன. இதை அறியாதவர் இரு மாவட்டங்களின் ஆயத்தொலைவுகளையும் ஒரே மண்டலமாகக் கொண்டு படம் வரைந்தால், ஓர் ஊர் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். பொத்தான்களை அழுத்தச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். இப்பிழையைக் கண்டுபிடிக்கும் அறிவை நமக்குத் தருவது நிலப்பட வரைவியல் பாடமே. அப்பாடத்தை நாம் இங்கேயே படிக்கிறோம்.

கட்டணமின்றிக் கற்கும் வழி

1966இல் தோன்றிய டேராடூன் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், இணையம் வழியே கட்டணமில்லாத பாடங்களை நடத்துகிறது. விதிப்படி முடிப்போர்க்குச் சான்றிதழும் அளிக்கிறது. 2002இல் தொடங்கப்பெற்ற கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் விலை இல்லை. 1972 முதல் எடுக்கப்பட்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்டினல்-2 படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஹெக்டேர் ஏரிப்பரப்பு 100 புள்ளிகளில் அடங்கும். நம் ஊர் ஏரி முப்பது ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கியது என்பதை இவற்றைக் கொண்டே வரைந்து காட்டலாம். அப்படி வரைந்த படம் ஒன்று கையில் இருந்தால், நேர்முகத் தேர்வில் காட்டுவதற்குச் சான்றிதழைவிட அதுவே மேலானது.

முடிவாக

கட்டணப் பயிற்சி எல்லாமே வீண் என்பது என் கருத்தன்று. கணிப்பொறியே இல்லாதவர்க்கும், தனியே கற்க இயலாதவர்க்கும் நல்ல ஆசிரியர் உள்ள பயிற்சி உதவும். ஆனால் பணம் கட்டுமுன் மூன்று வினாக்களைக் கேட்டறிய வேண்டும். நான் நாடும் வேலையின் அறிவிப்பில் இச்சான்றிதழ் கேட்கப்பட்டுள்ளதா? முன்பு படித்தவர்கள் இப்போது என்ன வேலையில், எந்த ஊதியத்தில் இருக்கிறார்கள்? பயிற்சி முடிவில் நானே செய்த படம் ஒன்று என் கையில் இருக்குமா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் சேரலாம். கிடைக்காவிடில் நம் துறைக் கணிப்பொறி அறையிலிருந்தே தொடங்கலாம். பெற்றோர் நகையை அடகு வைப்பது அதற்குப் பின் எண்ண வேண்டிய செய்தி.