காட்டு வான்கோழியும் காவலிருக்கும் கருவியும்

மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி என்று நாம் பிறரை எள்ளி நகையாடுவதுண்டு. வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள காடுகளில் இளவேனிற் காலத்தில் சேவல் தன் வால் இறகுகளை விசிறிபோல் விரித்து ஆடும். அது எந்த மயிலிடமும் கற்ற ஆட்டமன்று!

வேட்டையாலும் காடழிப்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பறவை அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து மறைந்தது. பண்ணையில் வளர்த்தவற்றைக் காட்டில் விட்டனர், அவை பிழைக்கவில்லை. 1951இல் தென் கரோலினாவில், வெடிமருந்தின் விசையால் பாய்ந்து விழும் வலையைக் கொண்டு காட்டுப் பறவைகளையே பிடித்தனர். இம்முறையில் பிடித்தவற்றை வேறு காடுகளில் குடியேற்றவே, இனம் மீண்டும் பெருகியது.

ஆனால் அண்மை ஆண்டுகளில் சில மாநிலங்களில் எண்ணிக்கை மறுபடியும் குறைந்துள்ளது. ஆகவே கோடையில் ஒரு தாய்க்கு எத்தனை குஞ்சுகள் தேறின என்று கணக்கெடுக்கின்றனர். பெட்டை தரையில் கூடமைத்து, பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டு, சுமார் 28 நாட்கள் அடைகாக்கும். குஞ்சுகள் முதல் இரு வாரங்கள் மரத்தில் ஏறித் தங்க இயலாமல் தரையிலேயே உறங்கும். அதுவே ஆபத்தான காலம்.

அப்போது நாம் அருகில் சென்று பார்க்கலாமா? கூடாது. கூட்டை நெருங்கினால் தாய் முட்டைகளைக் கைவிட்டுவிடக்கூடும். எனவே பறவைகள் நடமாடும் வழியில், மரத்தில் தானியங்கிப் புகைப்படக் கருவியைக் கட்டி வைக்கின்றனர். வெப்பமுள்ள உயிர் முன்னே அசைந்தால் அதிலுள்ள உணரி அறிந்து படமெடுக்கும்; நாளும் நேரமும் பதிவாகும். ஆடும் புல்லும் நேர் வெயிலும் அதனை ஏமாற்றும் என்பதால் புல்லை விலக்கி, சூரியனை நோக்காதவாறு வைத்தல் வேண்டும்.

பத்துப் படங்கள் விழுந்தால் பத்துப் பறவைகளா? நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஒரே பறவை பத்து முறை வந்திருக்கலாம் அல்லவா? அதனால் ஒரே படத்தில் சேர்ந்து நிற்கும் தாயையும் குஞ்சுகளையும் எண்ணுவதே நம்பத்தக்கது. படம் விழாவிட்டால் பறவையே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. அது கருவியின் பின்புறமாகவும் சென்றிருக்கலாம்.

தோழியரே, ஓர் உயிரை அறிய விரும்பினால் அதற்குத் தொல்லை தராமல் பார்க்கப் பழகுவோம். பார்த்ததற்கு மேல் சொல்லாதிருக்கவும் பழகுவோம்.