இத்தாலிய மொழி விடுமுறை: தேர்வு செய்யும் முன்

இத்தாலியில் குடியேறும் முன் சில வாரங்கள் அங்கேயே தங்கி மொழி கற்க விரும்புவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஊர். வெனிஸ், புளோரன்ஸ் போன்ற சுற்றுலா நகரங்களின் மையத்தில் கடைக்காரர்கள் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். வகுப்பில் படித்தது நாவில் பழகாது. பெரூஜா, சியெனா ஆகிய நடுத்தர ஊர்கள் மொழி பழக மிகவும் ஏற்றவை. இரண்டிலும் வெளிநாட்டவருக்கென்றே அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. குடியேறப்போகும் ஊர் உறுதியாகிவிட்டால் அங்கேயே படிப்பது இன்னும் நல்லது. எடுத்துக்காட்டாக, நேப்பிள்ஸ் தெருவில் கேட்கும் பேச்சுக்கும் பாடநூல் மொழிக்கும் இடைவெளி பெரிது. காது முன்கூட்டியே பழகுவது பேருதவி.

அடுத்தது பள்ளி. வாரத்துக்கு 20 பாடம் என்றால், ஒரு பாடம் 45 நிமிடமா 60 நிமிடமா என்று கேட்டறிய வேண்டும். வகுப்பில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். தங்குவதற்கு உள்ளூர்க் குடும்பத்தின் வீடே சிறந்தது. உண்மையில் மொழி வளர்வது இரவுச் சாப்பாட்டு மேசையில்தான். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பல கடைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும் என்பதால் அந்த வாரங்களைத் தவிர்க்கலாம்.

நிரந்தரமாகத் தங்க எண்ணுவோர் சில்ஸ், செலி, ப்ளிடா போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வுக்குத் தயார்செய்யும் பள்ளியைத் தேடுவது நலம். நீண்டகாலக் குடியிருப்பு அனுமதிக்கு ஏ2 நிலையும், திருமணம் அல்லது வசிப்பிடம் வழியாகக் குடியுரிமை கோர பொதுவாக பி1 நிலையும் தேவை.

ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள் மட்டுமே தங்கலாம். அதற்கு மேற்பட்ட படிப்புக்குத் தேசிய விசா வேண்டும். இத்தாலிக்கு வந்து சேர்ந்த 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் வேண்டும்.